வடிவாப் பார்

எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு பகல் முழுக்கப் பலகை அவிந்தது. கலியாண வீடுகளுக்கு இரவல் கொடுக்கிற பெரிய அலுமினியப் பானை, அதற்குள் உள்ளங்கை அளவில் வெட்டிய நாலு பிளைவூட் துண்டு, அவை மிதக்காமல் இருக்க மேலே ஒரு அம்மிக் குழவி. ஓடாவி மாமா வாசற்படியில் குந்தியிருந்து மணிக்கொருதரம் மூடியைத் திறந்து பார்த்தார். தண்ணீர் வற்றினால் செம்பால் ஊற்றினார்.

பின்னேரம் நாலு மணிக்கு அகப்பையால் துண்டுகளை வெளியே எடுத்தார். இரண்டு துண்டு போட்டபடியே இருந்தன. நிறம் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது. மற்ற இரண்டும் மழையில் நனைந்த கொப்பி மாதிரி ஓரம் பிரிந்து இதழ் இதழாக நின்றன. மாமா ஒரு இதழை நகத்தால் உரித்து என் கையில் தந்தார். "இதிலயா பிள்ளையளை ஏத்தப்போறாய்?" என்று கேட்டார்.

நாலும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய நாலு பலகைகளிலிருந்து வெட்டியவை. நாலிலும் மரைன் பிளை என்ற முத்திரை, பக்கத்தில் பிஎஸ் 1088 என்ற பிரித்தானியத் தர இலக்கம். அந்தத் தரம் கேட்பது இதுதான்: வெளியே தெரியாத உள் இதழ்களும் நல்ல மரமாக இருக்கவேண்டும், இதழ்களுக்கு நடுவில் வெற்றிடம் இருக்கக்கூடாது, பசை கொதிநீரிலும் விடக்கூடாது. கடைக்காரர் மாற்றித்தர மறுத்துவிட்டார். தோற்றுப்போன இரண்டு பலகையும் இப்போது எங்கள் கோழிக்கூட்டின் கதவாக இருக்கின்றன. படகுக்கு வேறு பலகை தேட இன்னும் ஒன்றரை மாதம் போனது.

இது 2023-ல் நடந்தது. அதற்கு முந்தின வருடத்தைத் திருகோணமலைக் கரையில் யாரும் மறக்கவில்லை. இங்கே வெளியிணைப்பு எஞ்சின்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. 2022-ல் அது வரவில்லை. திருக்கடலூர் மணலில் படகுகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. கான்கள் மட்டும் வரிசையில் நின்றன. என் தம்பி தூண்டில் தொழில் செய்கிறவன். கிடைத்த ஐந்து லீற்றரை வைத்துக்கொண்டு, இதில் போய்வரலாமா, போனால் வரலாமா என்று ஒரு காலை முழுக்கக் கணக்குப் பார்த்தான். அன்றைக்குத்தான் நான் அவனுடைய போட்டை முதல்தரம் ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு ஆளும் ஒரு பெட்டி மீனும் போய்வருவதற்கு எவ்வளவு பெரிய எடையை இழுத்துக்கொண்டு திரிகிறான் என்று தோன்றியது. பாரமில்லாத, வேகமான ஒரு படகு வேண்டும். அந்த எண்ணம் அப்படித்தான் வந்தது.

வேகம் என்றதும் பந்தயத்தை நினைக்க வேண்டாம். தூண்டில்காரனுக்கு வேகம் என்றால் மீன் விறைப்பாக இருக்கும்போதே கரைக்கு வருவது, வானம் கறுத்தால் முந்திக்கொள்வது, அதே எண்ணெயில் இன்னும் தூரம் போவது.

ஓடாவி மாமா எங்களுக்கு இரத்த உறவு இல்லை. கரையில் எல்லாருக்கும் அவர் மாமாதான். எழுபது தாண்டிவிட்டார். ஓடாவி என்றால் படகு கட்டுகிறவர். இந்தச் சொல் தெரியாத பிள்ளைகள் இப்போது எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இளவயதில் வள்ளம் கட்டியிருக்கிறார். 2004 கடல்கோளுக்குப் பிறகு உதவி நிறுவனங்கள் பைபர் போட்டுகளை நூற்றுக்கணக்கில் கொண்டுவந்து இறக்கின. படகில்லாத வீட்டுக்குப் படகு கிடைத்தது, அது பெரிய காரியம். ஆனால் அத்தோடு மாமாவின் உளிகள் சாக்குக்குள் போய்விட்டன. பதினைந்து வருடத்துக்கு மேலாகப் பைபர் போட்டுகளின் வெடிப்புக்கு ஒட்டுப்போடுவதுதான் அவர் வேலை.

"மரத்தில ஒண்டு கட்டுவமா மாமா?" என்று நான் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. "எங்க ஓடப்போறாய்?" என்று கேட்டார். நான் நீளம் எவ்வளவு, எஞ்சின் எவ்வளவு என்று சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். "அது பிறகு. எந்தத் தண்ணியில ஓடப்போறாய், அதைச் சொல்லு."

சரி, தண்ணீரைச் சொல்கிறேன். திருக்கடலூர் மணலில் இருந்து தள்ளுகிறோம். அங்கே கரை மட்டமானது, முழங்கால் தண்ணீரில் மிதக்காத படகு உதவாது. அங்கிருந்து கோணேசர் மலையடியைச் சுற்றிப்போக வேண்டும். மலை கடலுக்குள் செங்குத்தாக இறங்குகிற இடம். வருகிற அலை பாறையில் அடித்துத் திரும்பி வர, அடுத்த அலை அதன்மேல் ஏற, தண்ணீர் எந்தப் பக்கமும் இல்லாமல் கொதிக்கிற மாதிரி எழும்பும். அதைத் தாண்டி டச்சுக் குடாவை விட்டு விலகினால் கொட்டியாரக் குடா. காலையில் கண்ணாடி. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மதியம் திரும்பியதும் காற்று எழும்பி, முழங்கால் உயர அலை நெருக்கமாக ஒன்றன்பின் ஒன்றாக வரும். மூதூர்ப் பக்கம் இருந்து திரும்புகிறவனுக்கு அந்த அலைதான் முதுகை உடைக்கிறது. ஒரு படகு, மூன்று தண்ணீர்.

விற்பனைக்கு வருகிற எந்தப் படகும் இந்த மூன்று தண்ணீரையும் பார்த்துச் செய்தது இல்லை, இருக்கவும் முடியாது. பைபர் போட்டுக்கு முதலில் அச்சு வேண்டும். அச்சுக்கு முன்னால் அதே வடிவத்தில் ஒரு மூலப்படகு வேண்டும். இரண்டுக்கும் போன செலவை எடுக்க அதே வடிவில் நிறையப் படகு வார்த்து விற்கவேண்டும். அதனால் அச்சு எல்லாக் கடலுக்கும் பொதுவான வடிவத்தைத்தான் தேடும். மரத்துக்கு அச்சுத் தேவையில்லை. குறுக்குச் சட்டங்களை நிறுத்தி, பலகையை வளைத்து ஒட்டினால் படகு. அடுத்த படகுக்கு அதே சட்டத்தை ஒரு விரற்கடை கூட்டலாம், குறைக்கலாம். ஒரே ஒரு படகு, அதுவும் உன் கடலுக்கு என்றால், மரம்தான். இதை நான் ஏக்கத்தில் சொல்லவில்லை, செலவுக் கணக்கில் சொல்கிறேன்.

இதற்கு நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. 1960-ல் மயாமியிலிருந்து நசாவுக்கு நடந்த கடற்பந்தயத்தில், கடல் மிக மோசமாக இருந்த நாளில், மொப்பி என்ற படகு மற்றவற்றை எங்கேயோ விட்டுவிட்டு முதலாவதாக வந்தது. வடிவமைத்தவர் ரே ஹண்ட். அடிப்பாகம் முன்னிருந்து பின்வரை ஆழமான 'வி' வடிவம். அந்தப் படகு மரத்தில் செய்தது. அதிலிருந்து பிறந்த பேர்ட்ரம் 31 என்ற பைபர் படகுதான் பிறகு உலகெங்கும் ஓடியது.

தண்ணீருக்கு அடுத்தது எடை. இதை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியவர் ஜோர்ஜ் குரௌச் என்ற அமெரிக்கர். கணிதம் படிப்பித்தவர், படகும் வரைந்தவர். அவர் வரைந்த பேபி பூட்லெகர் என்ற மஹோகனிப் படகு 1924-லும் 1925-லும் கோல்ட் கப் பந்தயத்தை வென்றது. அதன் படத்தைப் பார்த்தால் பக்கங்கள் மேலே போகப்போக உருண்டு உள்ளே மடிந்து, ஒரு விதை மாதிரி இருக்கும். அவர் பெயரில் ஒரு சூத்திரம் இருக்கிறது. படகின் மொத்த எடையை இறாத்தலில் எடுத்து எஞ்சினின் குதிரைவலுவால் பிரி. வந்ததற்கு வர்க்கமூலம் எடு. படகின் வகைக்கேற்ற ஒரு எண்ணை அதால் பிரித்தால் மணிக்கு எத்தனை மைல் என்று வரும். எங்கள் மாதிரிப் படகுக்கு அந்த எண்ணை 150 என்று வைக்கலாம்.

நான் போட்ட கணக்கு: படகு 180 கிலோ, எஞ்சின் 50, இரண்டு ஆள், எண்ணெய், சாமான் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 420 கிலோ, அதாவது 920 இறாத்தல் சொச்சம். 25 குதிரைவலு. மணிக்கு 24 மைலுக்கு மேல் வந்தது, கடல் கணக்கில் 21 நொட். அதே எஞ்சினில் எடையை இரண்டு மடங்காக்கினால் வேகம் 17 மைல் சொச்சத்துக்கு இறங்குகிறது. விட்ட வேகத்தைப் பிடிக்க எஞ்சினையும் இரண்டு மடங்காக்க வேண்டும், எண்ணெயும் அதற்கேற்ற மாதிரிக் குடிக்கும். கணக்கை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பாரம் கூடினா ஓடாது எண்டுதானே சொல்லுது" என்றார். அதுதான் சொல்கிறது. ஆனால் எவ்வளவு கூடினால் எவ்வளவு ஓடாது என்று தாளில் பார்த்தபோதுதான் ஒவ்வொரு ஆணியும் எனக்கு எடையாகத் தெரிந்தது.

தண்ணீரை உழுதுகொண்டு போகிற படகுக்கு வேறு கணக்கு. அதன் நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால், அதற்குமேல் அது போக மறுக்கும். நீர்மட்டத்தில் 16 அடி என்றால் 5.4 நொட் அளவில் நின்றுவிடும். தான் எழுப்பிய அலைக்குள் தானே மாட்டிக்கொள்கிறது. அதைத் தாண்டவேண்டுமென்றால் படகு தண்ணீரை விட்டு மேலே ஏறி, அதன் முதுகில் வழுக்கவேண்டும். ஏறுவதற்குப் பாரம் குறைவாக, அடி தட்டையாக இருக்கவேண்டும். அலையை வெட்டுவதற்கு அடி கூராக இருக்கவேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். வேகப்படகு வரைகிறவர்கள் நூறு வருடமாக இந்த இழுபறிக்குள்தான் வேலை செய்கிறார்கள்.

ரே ஹண்டின் ஆழ வடிவத்தில் பின்பக்கத்திலும் அடி 24 பாகை சாய்ந்திருக்கும். பெரிய கடலுக்கு அது அருமை. ஆனால் அப்படிப்பட்ட அடியைத் தூக்கி ஓட்டப் பெரிய எஞ்சின் வேண்டும், 25 குதிரைவலு போதாது. முழங்கால் தண்ணீரிலும் அது தரைதட்டும். தட்டையாகவே விட்டால் கொட்டியாரக் குடாவில் பின்னேரம் ஒவ்வொரு அலையும் முள்ளந்தண்டில் அறையும். நானும் மாமாவும் இரண்டு கிழமை இதையே பேசினோம். கடைசியில் பின்பக்கம் 13 பாகை, நடுவில் கொஞ்சம் கூட, அணியத்தில், அதாவது படகின் முன்மூக்கில், கத்தி மாதிரி என்று முடிவானது. அலையைச் சந்திக்கிற முதல் மூன்றடி வெட்டட்டும், பின் பத்தடி மிதந்து ஓடட்டும். கோணேசர் மலையடிக் குழப்பத்துக்காக அணியத்தின் மேல்விளிம்பை நாலு விரற்கடை உயர்த்தினோம். இந்த நாலு விரற்கடையை எந்தக் கடையில் வாங்க முடியும்?

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். அழகு என்பதற்கு நாங்கள் வாயில் சொல்வது வடிவு. வடிவான பிள்ளை, வடிவான சீலை. அதே சொல்தான் உருவத்துக்கும். இன்னொரு பாவனையும் உண்டு: வடிவாச் செய் என்றால் ஒழுங்காகச் செய், வடிவாப் பார் என்றால் கவனமாகப் பார். மாமா வேலைக்களத்தில் ஒரு நாளைக்கு இருபது தரம் "வடிவாப் பார்" என்பார். பல நாள் எனக்கு அது கவனமாக இரு என்ற எச்சரிக்கையாகத்தான் கேட்டது. சிலாகை என்கிற நீள மரக்கீற்றை வைத்துப் பார்த்த நாளில்தான் அது வேறுமாதிரிக் கேட்டது.

குறுக்குச் சட்டங்கள் எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. பலகை ஏற்றுவதற்கு முன் கோடு சரியா என்று பார்க்கவேண்டும். மாமா பதினெட்டு அடி நீளத்தில், சுண்டுவிரல் தடிப்பில், முடிச்சே இல்லாத ஒரு சிலாகையை எடுத்தார். அணியத்திலிருந்து பின்பலகை வரை சட்டங்களின் மூலையில் அதைப் படியவைத்து, ஒரு முனையை நான், மறுமுனையை தம்பி பிடித்துக்கொண்டோம். மாமா அணியத்துக்கு முன்னால் போய், தலையைச் சரித்து, ஒரு கண்ணை மூடி அந்தச் சிலாகையின் நீளத்துக்குப் பார்த்தார். பிறகு கண்ணைத் திறக்காமலே கையை அதன்மேல் வழுக்கிக்கொண்டு வந்தார். நாலாவது சட்டத்தில் கை நின்றது. "இதில சொத்தை கிடக்கு."

நான் குனிந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அளவுகோலை வைத்தேன், வரைபடத்தில் இருந்த அளவு அப்படியே இருந்தது. "அளவு சரி மாமா" என்றேன். "அளவு சரிதான். சிலாகைக்கு அது பிடிக்கேல்ல" என்றார். நாலாவது சட்டத்தில் மட்டும் சிலாகையைக் கையால் அமத்தினால்தான் படிந்தது; கையை எடுத்தால் ஒரு நெல்லளவு எழும்பியது. என் வரைபடத்தில் அந்த ஒரு புள்ளி பிழை. சீவுளியால் பக்கத்துச் சட்டத்தை ஏழெட்டு இழுப்பு இழுத்து, நாலாவதில் ஒரு மெல்லிய ஆப்பு ஒட்டினார். இப்போது சிலாகையை விட்டதும் தானாகவே எல்லாச் சட்டத்திலும் போய்ப் படுத்தது. மரம் தனக்குப் பிடித்த வளைவை எடுத்தால் தண்ணீரும் அந்த வளைவில் இடறாமல் போகும். அந்த இடத்தில் நெல்லளவு சொத்தையை விட்டிருந்தால் 20 நொட்டில் தண்ணீர் அங்கே முட்டித் தெறித்திருக்கும். கண்ணுக்கு வடிவாக இருப்பதும் கடலில் வடிவாக ஓடுவதும் ஒன்றுதான் என்று அவர் ஒரு பேச்சும் இல்லாமல் என் கையைப் பிடித்துக் காட்டினார்.

சிலாகைகளுக்கும் நெடுக்குச் சட்டங்களுக்கும் உள்நாட்டு மஹோகனி எடுத்தோம். அமெரிக்காவில் கிறிஸ்-கிராஃப்ட் படகுகளும் இத்தாலியில் சார்னிக்கோவில் ரீவா படகுகளும் பெயரெடுத்தது மஹோகனியால்தான். ரீவாவின் அக்வராமா 1962-ல் வந்தது. அதன் பக்கத்தில் முகம் பார்க்கலாம், அத்தனை பூச்சு வார்னிஷ். கார் வுட் என்பவரின் பத்தாவது மிஸ் அமெரிக்கா 1932-ல் நாலு விமான வகை எஞ்சின்களைப் பூட்டிக்கொண்டு மணிக்கு 124.86 மைல் போனது. 38 அடி மரப்படகு. இதையெல்லாம் நான் இரவில் தொலைபேசியில் பார்த்துவிட்டுக் காலையில் மாமாவுக்குக் காட்டுவேன். அவர் படத்தைப் பெரிதாக்கி எஞ்சினைப் பார்க்கமாட்டார். பலகை பொருந்துகிற இடத்தைத்தான் பார்ப்பார்.

அணியத்துக்கு மட்டும் அவர் வேறு மரம் கேட்டார். "உங்கட வீட்டுக்குப் பின்னால வண்டில் துலா ஒண்டு கிடந்ததே." கிடந்தது. தாத்தாவின் மாட்டுவண்டிலின் துலா, முப்பது வருடமாகக் கூரைக்குக் கீழே. சாவண்டலை மரம். சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலேயர் இதற்கு வைத்த பெயர் எங்கள் ஊரின் பெயர்: திருகோணமலை மரம். ஒரு காலத்தில் சென்னைக் கரையில் பெரிய அலைகளுக்குள் ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய மசூலாப் படகுகளை இந்த மரத்தில் கட்டினார்கள். அலை அடித்தால் முறியாமல் வளைந்துகொடுக்கிற படகு அங்கே தேவைப்பட்டது. இலங்கையில் இன்றைக்கும் சாராயம் பழுக்கவைக்கிற பெரிய மரத்தொட்டிகள் ஹல்மில்லதான். இப்போது காட்டில் இதை அனுமதி இல்லாமல் தொடமுடியாது, அது நல்லதுதான். துலாவை ஆறு மில்லிமீற்றர் கீலங்களாக அறுத்தோம். மாமா ஒரு கீலத்தை எடுத்து இரண்டு கையாலும் வில் மாதிரி வளைத்தார். முப்பது வருடம் காய்ந்த மரம், முனகக்கூட இல்லை. எட்டுக் கீலத்தை எபொக்சி என்ற பசை பூசி ஒன்றன்மேல் ஒன்றாக அணியத்தின் வளைவில் இறுக்கி வைத்தோம். மறுநாள் பிடிகளைக் கழற்றியபோது ஒரே துண்டாக நின்றது.

எங்கள் ஊரின் பெயரில் ஒரு கப்பலும் உண்டு. எச்எம்எஸ் திருகோணமலை. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817-ல் நீரில் இறக்கியது. அதற்கு முதலில் அனுப்பிய வரைபடங்கள் ஜாவா என்ற கப்பலில் வந்தன. 1812 கடைசியில் அந்தக் கப்பல் போரில் அழிய, வரைபடங்களை மறுபடி அனுப்பினார்கள். கப்பல் இப்போதும் இங்கிலாந்தில் ஹாட்டில்பூலில் மிதக்கிறது. இருநூறு வருடத்துக்கு மேல். மரம் உக்கிப்போகும் என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் முதலில் சொல்வது இந்தக் கப்பலைத்தான்.

உக்கும், உண்மைதான். ஆனால் எதால் உக்கும் என்று தெரியவேண்டும். உப்புத் தண்ணீர் மரத்தை உக்கவைப்பதில்லை. மழைத் தண்ணீர்தான் உக்கவைக்கும். பழைய வள்ளக்காரர் சுறா எண்ணெய் பூசியதும், பலகை இடுக்குகளைக் கலப்பற்று அடைத்ததும், குங்கிலியம் காய்ச்சி ஊற்றியதும் தண்ணீரை வெளியே வைக்கத்தான். கப்பல்புழு வேறு, அது உப்புத் தண்ணீரிலேயே கிடக்கிற படகைத் தின்னும். மணலில் ஏற்றி வைக்கிற படகுக்கு அந்தப் பயம் குறைவு. இப்போது எபொக்சி இருக்கிறது. மிச்சிகனில் கூஜன் சகோதரர்கள் 1969-ல் தொடங்கி, மரத்தின் ஒவ்வொரு முகத்தையும் எபொக்சியால் மூடி ஒட்டுகிற முறையை வளர்த்தார்கள். உள்ளே ஈரம் போகாவிட்டால் மரம் வீங்காது, சுருங்காது, பூஞ்சணத்துக்கும் இடமில்லை. நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஆணித் துளையைக்கூடப் பெரிதாகத் துளைத்து, எபொக்சியால் நிரப்பி, அதற்குள் மறுபடி துளைத்தோம். வாடைக்காலம் தொடங்கியபோது மட்டும் எபொக்சி படுத்தியது. காற்றில் ஈரம் கூடினால் காய்ந்த பூச்சுக்கு மேல் மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்பு எழும்பும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் அடுத்த பூச்சுப் பூசினால் ஒட்டாது. ஒரு பக்கம் முழுவதையும் மணற்கடதாசி போட்டு மறுபடி தொடங்கினோம்.

மரத்தின் இன்னொரு குணத்தை நான் இந்த வேலையில்தான் விளங்கிக்கொண்டேன். ஒரு பலகையின் தடிப்பை இரண்டு மடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். மும்மடங்கு என்றால் இருபத்தேழு மடங்கு. கையால் வார்த்த பைபரைவிட நல்ல பிளைவூட் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் எடை. ஆகவே அதே எடைக்கு மரத்தில் மூன்று மடங்கு தடிப்பான அடிப்பலகை கிடைக்கிறது. பாரம் கூடாமல் விறைப்பு மட்டும் பலமடங்கு ஏறுகிறது. வேகத்தில் அடி நெளியாத படகு எஞ்சின் தருகிற வலுவை வீணாக்காது. நாங்கள் அடிக்கு 9 மில்லிமீற்றர் போட்டு, வெளியே ஒரு மெல்லிய கண்ணாடித்துணி ஒட்டினோம். ஒரு பலகை மேலே ஏறி நின்று குதித்தேன். தரையில் குதித்த மாதிரி இருந்தது.

வேகப்படகு என்றதும் அமெரிக்கா, இத்தாலி என்று சொல்லிக்கொண்டு போகிறேன். எங்கள் பக்கத்தை விட்டுவிட்டால் பிழை. இலங்கைக் கரையில் ஓடிய, ஒரு பக்கம் மட்டும் மிதவைப் புயம் நீட்டிய ஒற்றைப் புயத் தோணிகள் பாய் விரித்தால் எவ்வளவு வேகம் என்று பழைய வெள்ளைக்காரப் பயணிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். காற்றின் பலத்தை இங்கத்தைய கடலோடிகள் ஒராள் காற்று, இரண்டாள் காற்று, மூன்றாள் காற்று என்று சொல்வார்கள் என்றும் குறித்திருக்கிறார்கள். தோணி கவிழாமல் இருக்கப் புயத்தின்மேல் எத்தனை பேர் ஏறி நிற்க வேண்டுமோ அத்தனை ஆள் காற்று. இன்றைக்குப் பந்தயப் பாய்ப்படகுகளில் கம்பியில் தொங்கிக்கொண்டு செய்வதும் இதைத்தான்.

எங்கள் கட்டுமரம் என்ற சொல் உலகம் முழுக்கப் போனது. 1876-ல் நதானியல் ஹெரெஷாஃப் என்பவர் அமரில்லிஸ் என்ற இரட்டை உடல் படகைக் கட்டி நியூயோர்க்கில் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார். எல்லாப் படகையும் முந்தியது. அந்த வேகத்தைப் பொறுக்காமல் அதைப் போட்டியிலிருந்து விலக்கினார்கள். அந்த வகைப் படகுக்கு உலகம் வைத்திருக்கிற பெயர் தமிழ்ப் பெயர். கட்டுமரத்துக்கு இரட்டை உடல் கிடையாது, அது மரங்களைச் சேர்த்துக் கட்டியது. ஆனாலும் ஒவ்வொரு தரம் அந்தச் சொல்லை வேற்று மொழியில் வாசிக்கும்போது எனக்கு நெஞ்சுக்குள் ஒரு நிமிர்வு வரும்.

சித்திரை பிறந்து கடல் படுத்த பிறகு இறக்கினோம். ஆறு பேர் தோளில் தூக்கிக்கொண்டு போனோம், தள்ளத் தேவைப்படவில்லை. அம்மா அணியத்தில் மஞ்சள் பூசி, தேசிக்காய் வைத்து, கற்பூரம் காட்டினாள்.

முதல் ஓட்டம் சரியாக அமையவில்லை. எஞ்சினைத் திருகியதும் படகு ஏறியது, ஓடியது, 15 நொட்டைத் தாண்டியதும் குதிரை மாதிரி அணியத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கண்ணாடித் தண்ணீரிலேயே துள்ளியது. ஒன்றரை வருட வேலை வீணாகிவிட்டதோ என்று எனக்கு வயிறு கலங்கியது. தம்பி வேகத்தைக் குறைத்துக் கரைக்குத் திருப்பினான். மாமா மணலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், கிட்ட வந்து எண்ணெய்த் தாங்கியைத் தட்டினார். பின்பலகையோடு ஒட்டி வைத்திருந்தோம். "இதை நடுவில கொண்டு போ. எஞ்சினை ஒரு கண் உள்ளுக்குச் சாய்." அவ்வளவுதான். 25 லீற்றர் எண்ணெய் நாலடி முன்னால் போனது, எஞ்சினின் சாய்வு ஆணி ஒரு துளை மாறியது.

இரண்டாம் தரம் எழும்பியதும் துள்ளவில்லை. எஞ்சின் சத்தத்துக்குக் கீழே இன்னொரு சத்தம் வந்தது. பைபர் போட்டில் அலை தட்டினால் தகரம் தட்டுகிற மாதிரி இருக்கும். இது தவிலில் வலந்தலையை விரலால் தட்டுகிற மாதிரி, ஆழமாக, சின்னதாக. தொலைபேசியில் 20.6 நொட் காட்டியது. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, ஒரு கையை எடுத்து விளிம்புப் பலகையைத் தடவினான். கோணேசர் மலையடியில் தண்ணீர் வழக்கம்போலக் கொதித்தது. அணியம் ஒருதரம் ஆழ இறங்கியது, நான் கண்ணை மூடினேன். அந்த நாலு விரற்கடை தண்ணீரை இரண்டு பக்கமும் விரித்துவிட்டது. என் சேட்டு நனையவில்லை.

இப்போது தம்பிதான் அதை ஓட்டுகிறான். மண்ணெண்ணெய்க் கான் முன்பு இரண்டு நாள் வந்தது மூன்று நாளுக்குமேல் வருகிறது. மழைக்கு முன்னால் கவிழ்த்து வைத்து, நீர் தங்குகிற மூலைகளை நான் விரல்விட்டுத் துடைக்கிறேன். வெயிலில் வார்னிஷ் பொரிகிறது, வருடத்துக்கு ஒருதரம் பூசவேண்டும். பூசும்போது மாமா வந்து பக்கத்தில் குந்தியிருப்பார், தூரிகை திரும்புகிற இடத்தில் "வடிவாப் பார்" என்பார்.

போன மாதம் சல்லியிலிருந்து ஒரு பொடியன் வந்தான். படகைச் சுற்றிச் சுற்றி நடந்து, சாண் போட்டு அளந்து, படம் எடுத்தான். "எனக்கும் இதே மாதிரி ஒண்டு வேணும் ஐயா" என்று மாமாவிடம் கேட்டான். மாமா அவனை நிமிர்ந்து பார்த்தார். கரையில் அலை எங்கே உடையும், வாடைக்கு எங்கே ஏற்றி வைப்பாய், எத்தனை பேர் போவீர்கள், வலையா தூண்டிலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டு, பக்கத்தில் கிடந்த தென்னோலை ஈர்க்கை எடுத்து மணலில் ஒரு கோடு இழுத்தார். எங்கள் படகின் கோட்டைவிட அது முன்னால் கூடுதலாக நிமிர்ந்திருந்தது.